கீறாத வயிறு

சுப்புத்தாயின் வயிற்றுவலிக்கு இது மூன்றாவது மாதம். ஊர்ப்பக்கத்து டாக்டர் வாய்வு, கேஸ் என்று சொல்லியே பத்து அட்டை மாத்திரையைத் தீர்த்துவிட்டார். போன வாரம் விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் வலி பொறுக்காமல் மண்ணில் சுருண்டு உட்கார்ந்தவளை, மகள் கிருஷ்ணப்ரியா கோவில்பட்டியில் தன் வீட்டுக்கே கூட்டி வந்து படுக்கவைத்தாள். அப்பா சீனி செம்மறிகளோடு நாகலாபுரத்துப் பக்கம் தரிசில் கிடக்கிறார். மனைவியின் வலியைவிட, மார்கழிப் பனியில் குட்டிகள் விறைத்துப் போவதுதான் அவருக்குப் பெரிய கவலை. இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்த கதை.

தெரியாத கதை திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஸ்கேன் சென்டரில் வெளியே வந்தது.

கிருஷ்ணப்ரியா தீப்பெட்டி ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அம்மா ஒரு மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கியபடியே வந்தாள். அதற்குள் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பைல். ஸ்கேன் டாக்டரம்மாவைப் பார்த்ததும் அதை மகள் கையில்கூடக் கொடுக்காமல் நேராக அவரிடம் நீட்டினாள்.

டாக்டரம்மா பைலைப் புரட்டினார். வயிற்றில் பசையைத் தடவி மெஷினை வைத்துப் பார்த்தார். மறுபடி பைலைப் பார்த்தார். மறுபடி வயிற்றை.

"ஏம்மா, உங்களுக்கு ஆபரேஷன் எப்ப ஆச்சு?"

"ஆவணியில தாயி," என்றாள் சுப்புத்தாய், கண்ணை மூடிக்கொண்டே.

கிருஷ்ணப்ரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன ஆபரேஷன்? யாருக்கு?"

"பித்தப்பை எடுத்தாச்சுன்னு இதுல எழுதியிருக்கு. எடுத்ததாச் சொல்ற பித்தப்பை இங்க முழுசா இருக்கு. உள்ள கல்லு கல்லாக் கிடக்கு. குழாய்லயும் ஒரு கல்லு போய் அடைச்சிருக்கு. அதான் கண்ணெல்லாம் மஞ்சளாயிருக்கு." டாக்டரம்மா சேலையை இன்னும் கொஞ்சம் விலக்கினார். "வயித்துல ஒரு கீறல்கூட இல்லையே. என்ன பைல் இது?"

சுப்புத்தாய் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"நான் மெஷின்ல தெரியுறதத்தான் எழுதுவேன். இது கோவில்பட்டியில ஆகுற வேலை இல்ல. குழாய்க் கல்லை முதல்ல எடுக்கணும். இன்னைக்கே திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டா சீழ் ரத்தத்துல ஏறிரும், அப்புறம் ஆள் தங்காது."

பைலை வாங்கிப் பார்த்தாள் கிருஷ்ணப்ரியா. பிளஸ் டூ படித்தவள். இங்கிலீஷ் தட்டுத்தடுமாறியாவது வரும். கோவில்பட்டி மெயின் ரோட்டில் எல்லாரும் மூணு மாடி ஆஸ்பத்திரி என்று சொல்லும் இடத்துப் பைல் அது. அம்மாவின் பேர், வயது, காப்பீட்டு அட்டை நம்பர், ஆபரேஷன் நடந்த தேதி, எல்லாம் சுத்தமாக டைப் அடித்திருந்தது. ஒரு போட்டோவும் இருந்தது. பச்சை அங்கி போட்டு, வயிற்றில் பெரிய பிளாஸ்திரி ஒட்டி, கட்டிலில் அம்மா படுத்திருக்கிறாள். உதட்டை எவ்வளவு அழுத்தி வைத்திருந்தும் சிரிப்பு தெரிகிறது.

அந்த மூணு மாடி ஆஸ்பத்திரியில்தான் அவள் புருஷனுக்கு வேலை. ஊர் ஊராகப் போய் இலவச மருத்துவ முகாம் நடத்தி, அரசுக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களை வேனில் ஏற்றி அனுப்புகிற வேலை.

வாசலில் இருந்த வேப்பமரத்து நிழலில் அம்மாவை உட்காரவைத்தாள்.

"யம்மா. உண்மையச் சொல்லு. உன்னை யாரு அறுத்தா?"

"யாரும் அறுக்கலட்டி."

"பெறகு ஏன் ஆபரேஷன் ஆச்சுன்னு சொன்ன?"

"மாப்பிள்ளை சொல்லச் சொன்னாவ."

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு அம்மா சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்றிருந்தது.

ஆவணி மாதம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். அதற்கு ரெண்டு வாரம் முந்தித்தான் ஆடுகளுக்குத் துள்ளுமாரி நோய் வராமல் ஊசி போட அதே இடத்தில் முகாம் நடந்திருந்தது. ஆட்டு முகாமில் சீனிக்கு ஒரே சட்டம்: ஒண்ணு விடக் கூடாது. நல்லா இருக்கிற ஆடு, நொண்டி ஆடு, நேற்றுப் பிறந்த குட்டி, எல்லாம் ஊசிக்குப் போகணும். விட்டுப்போன ஆடுதான் முதலில் துள்ளி விழும் என்பது அவர் அனுபவம். ஆகவே மனுஷர் முகாம் வந்ததும் அதே சட்டத்தை வீட்டில் போட்டார். மனைவி, மருமகள் யோகலட்சுமி, அதே வளவில் அக்கம்பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் ஏழு பேர், ஆக ஒன்பது பேரையும் நோய் உண்டா இல்லையா என்று கேட்காமல் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிவிட்டார். ஒருத்தி துணி துவைக்கணும் என்று நின்றதற்கு அவளுக்குக் கிடைத்த ஏச்சு ஊருக்கே கேட்டதாம்.

அட்டை வைத்திருந்தவர்களுக்கு மணிக்கட்டில் ஊதா மையால் ஒரு கோடு போட்டார்கள். ஏன் எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஊசி போட்ட ஆட்டுக்கு முதுகில் சாயம் வைப்பது அவர்கள் வருஷா வருஷம் பார்க்கிற காரியம். கோடு போட்டவன் யார்? வீட்டு மாப்பிள்ளை. முந்தி ஆட்டு முகாமில் ஊசி போட ஆட்டின் காலைக் கூலிக்குப் பிடித்தவன். இந்த ஜனம் எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்று அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

வேன் வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் தங்கினார்கள். தலைக்கு மேலே காத்தாடி, காலையில் பன்னும் டீயும், சுவரில் டிவி. மூன்றாம் நாள் ஒவ்வொருத்தியாகப் பச்சை அங்கியை மாட்டி, வயிற்றில் பிளாஸ்திரியை ஒட்டிப் போட்டோ எடுத்தார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் அங்கே வந்த ஒரே வலி. ஆளுக்கு ஒரு சேலையும் ஒரு பைலும் கொடுத்து வேனில் ஏற்றி வீட்டில் விட்டார்கள். டிவியையும் பன்னையும் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். போட்டோவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, மாப்பிள்ளையிடம் சத்தியம் செய்திருந்தார்கள்.

"யாரு கேட்டாலும் ஆபரேஷன் ஆச்சுன்னு சொல்லணும், இல்லாட்டி என் வேலை போயிரும் அத்தைன்னாவ. நான் தூக்கி வளத்த தம்பி மவன்லாட்டி. ஒரு வார்த்தைதான, சொன்னா என்ன கொறைஞ்சா போகுது?"

"டாக்டர்ட்டயுமா?"

"டாக்டர்ட்டதான் முக்கியமாச் சொல்லணும்னாவ."

அந்த ஊர்ப்பக்கத்து டாக்டரும் பைலைப் பார்த்தாரே தவிர வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. பித்தப்பையே இல்லாத வயிற்றில் பித்தக்கல் எப்படி வரும்? அதனால் கேஸ். மூன்று மாதமாகக் கல்லோடு துடித்துக்கொண்டு, மாப்பிள்ளை முகம் வாடக் கூடாது என்று ஒவ்வொரு டாக்டரிடமும் பொய் சொல்லிவிட்டுக் கேஸ் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள் இந்தப் பொம்பளை. யார்மேல் கோபப்படுவது? அம்மாமேலா? அந்த மஞ்சப்பையை அங்கேயே சாக்கடையில் வீசவேண்டும் போல வந்தது அவளுக்கு. வீசவில்லை. அம்மா அதைத் திரும்பக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு அவள் புருஷன் சாப்பிட வந்தான். பளீரென்று வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் செல்போன். உள் அறையில் அத்தை படுத்திருப்பதைக் கதவோரம் நின்று எட்டிப் பார்த்து, "வலி பரவால்லையா அத்தை?" என்று கேட்டுவிட்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்தான்.

சோற்றைப் போட்டாள். கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். ஸ்கேன் பேப்பரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவன் படித்தான். முகம் கறுக்கும், தலை குனியும், காலில் விழாவிட்டாலும் ஒரு வார்த்தை தடுமாறும் என்று எதிர்பார்த்து நின்றாள். அவன் முகமோ மலர்ந்தது.

"ஏட்டி, நெசமாவே கல்லு இருக்கா?"

"இருக்கு."

"அப்பனே முருகா!" என்று தொடையில் தட்டினான். "நம்ம நேரம் நல்லா இருக்குட்டி."

"அத்தான், எங்கம்மா சாகக் கெடக்கு."

"அது ஏன் சாவுது? நான் சொல்லுததக் கேளு. வியாழக்கிழமை மெட்ராஸ்லருந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்காரனுவ செக்கிங் வாரானுவ. அட்டையில ஆபரேஷன் ஆன ஆள வரிசையா நிக்கவச்சுத் தழும்பு இருக்கான்னு பாக்கப் போறானுவளாம். மொதலாளி ரெண்டு நாளாத் தூங்கல. இந்த ஒம்பது பேருக்கும் தழும்புக்கு எங்க போறதுன்னு மண்டையப் பிச்சுக்கிட்டு இருந்தோம். இப்பம் பாரு, அத்தைக்கு நெசமான ஆபரேஷனே பண்ணிரலாம். பழைய பைலு இருக்கு. புதுப் பேப்பரு ஒண்ணும் வேண்டாம்."

"மத்த எட்டுப் பேருக்கு?"

அவன் சோற்றைப் பிசைந்தான். "மேலாக்க ஒரு கீறல். மரத்துப்போக ஊசி போட்டுட்டு நாலு தையல். எறும்பு கடிச்ச மாதிரிகூடத் தெரியாது."

"புதுத் தையலப் பாத்தா தெரியாதா?"

"சீழ் புடிச்சுப் போச்சு, பிரிச்சு மறுபடி தைச்சோம்னு எழுதிக்கிட்டாப் போச்சு. வாரவன் டாக்டரா? போட்டோ எடுத்துட்டுப் போயிருவான்."

கருவாட்டு முள்ளை எடுத்துத் தட்டோரம் வரிசையாக வைத்தான். சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான் சாப்பிடுவான், சுத்தமாக. அதைப் பார்த்து ஒரு காலத்தில் அவளுக்குப் பிரியமாக இருந்தது. இன்றைக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"மதினிக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

"யாருக்கு?"

"யோகலட்சுமி மதினிக்கு. அவியளுக்கு எத எடுத்ததா எழுதியிருக்கு?"

"கர்ப்பப்பை," என்றான், மோர் கேட்கிற குரலில்.

"சீ! அவியளுக்கு இருபத்தாறு வயசு. கைப்புள்ளைக்காரி."

"எழுத்துல தானட்டி போச்சு! அவிய வயித்துலயா போச்சு? யாரு வீட்டுக் காசு இது, உங்கய்யா ஆடு வித்த காசா? கவர்மெண்டு குடுக்குது, ஆஸ்பத்திரி வாங்குது. சும்மா கெடந்த பொம்பளைகளுக்கு மூணு நாள் சோறு, ஒரு சேலை. இதுல யாருக்கு என்ன நட்டம்னு சொல்லு, கேப்போம்."

"எங்கம்மா கண்ணப் போய்ப் பாருங்க, எவ்வளவு மஞ்சளா இருக்குன்னு. அதான் நட்டம்."

அவன் கையைக் கழுவினான். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"திருநெல்வேலிக்குப் போகச் சொல்லியிருக்காவ, இன்னைக்கே," என்றாள். "குழாய்க் கல்லு இங்கன எடுக்க முடியாதாம்."

அப்போதுதான் அவன் குரல் மாறியது. "திருநெல்வேலிக்குப் போன, அங்கன அட்டையப் பாப்பான், பைலப் பாப்பான், நான் உள்ள போவேன். புரியுதா? மதுரை டாக்டர வரச் சொல்லியிருக்கோம். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு அந்த எட்டுப் பேர ஏத்த வேன் ஊருக்குப் போவுது. அத அப்படியே இங்கன திருப்பிக் கொண்டாந்து அத்தையையும் ஏத்திட்டுப் போறேன். அதுவரைக்கும் கஞ்சி குடு." கதவோரம் போய்க் குரலை இனிப்பாக்கினான். "அத்தை, நாளைக்கு நம்ம ஆஸ்பத்திரியிலயே பாத்துருவோம். சரியா?"

"நீங்க சொன்னாச் சரி மாப்ள," என்றாள் சுப்புத்தாய் படுத்தபடியே.

பைக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை கிருஷ்ணப்ரியா எச்சில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தட்டை அப்படியே போட்டுவிட்டு, அம்மாவுக்கு ஒரு மாற்றுச் சேலையை எடுத்துப் பையில் திணித்தாள்.

"எங்கட்டி?"

"திருநெல்வேலிக்கு. அத்தான்தான் போகச் சொன்னாவ."

"இப்பத்தான் நாளைக்கு இங்கனன்னு சொல்லிட்டுப் போனாவ?"

"போன் போட்டாவ. மதுரை டாக்டர் வரலையாம்."

சுப்புத்தாய் உடனே எழுந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை சொன்னால் இமயமலைக்கும் போவாள். மகள் சொன்னால் அடுத்த தெருவுக்குப் போக ஆயிரம் கேள்வி கேட்பாள். அந்த எரிச்சலிலும் கிருஷ்ணப்ரியாவுக்கு அது கைகொடுத்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மாவைச் சாய்த்துக்கொண்டு ஊருக்குப் போன் போட்டாள். மதினிதான் எடுத்தாள்.

"மதினி, நாளைக்கு வேன்ல ஏறாதீங்க. யாரையும் ஏற விடாதீங்க. வயித்துல கீறித் தையல் போடப் போறாவ."

அந்தப் பக்கம் யோகலட்சுமி சிரித்தாள். "என்ன பிரியா, அண்ணன்கூடச் சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல மதினி. சத்தியமாச் சொல்லுதேன்."

"மறு செக்கப்புன்னுதான சொன்னாவ? போன தடவ மாதிரி ஒரு போட்டோ எடுப்பாவளாம். மாமா தரிசுலருந்து ஆள் விட்டுச் சொல்லிட்டாவ, ஒருத்தி விடாம ஏறணும்னு. நான் ஏறலன்னா என்னைய வீட்டுல வச்சிருப்பாவளா? நீ போன வச்சுட்டுக் கொஞ்ச நேரம் படு தாயி."

"மதினி, கேளுங்க..."

"புள்ள அழுவுது, வைக்கேன்."

வைத்துவிட்டாள். மறுபடி போட்டதற்கு அடித்துக்கொண்டே இருந்தது. யார் நம்புவார்கள்? சொந்தப் புருஷனைப் பற்றிப் பெண்டாட்டி சொன்னால் அது சண்டை. அவ்வளவுதான் கணக்கு.

கயத்தாறில் பஸ் நின்றபோது அம்மா ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள். பச்சையாகப் போனது. கீழே நின்ற லாரிக்காரர் ஒருவர் ஏசுவதற்கு வாயெடுத்தவர், அவள் கண்ணைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்து கொடுத்தார்.

"போய்ச் சேந்ததும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லணும்," என்றாள் அம்மா, சோடாவைக் குடித்துவிட்டு. "பாவம், தேடுவாவ."

சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பெரியாஸ்பத்திரி. வராந்தாவெல்லாம் ஜனம். அம்மாவை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். டூட்டி டாக்டர் இளவயசுக்காரர், காலையிலிருந்து சாப்பிடாத முகம். ஸ்கேன் பேப்பரைப் பார்த்தார். சுப்புத்தாய் மஞ்சப்பையிலிருந்து பைலை எடுத்து நீட்டினாள். அதையும் பார்த்தார்.

"என்னம்மா இது? இது பித்தப்பை எடுத்தாச்சுங்குது. இது பித்தப்பையில கல்லுங்குது. ஸ்கேன் பேப்பர் வேற யாரோடதும் மாறி வந்திருச்சா?"

"மாறித்தான் இருக்கும் அய்யா," என்றாள் சுப்புத்தாய். "எனக்கு எடுத்தாச்சு."

"வயித்தக் காட்டுங்க பாப்போம்."

சுப்புத்தாய் சேலையை ரெண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். "ஆம்பளைக்குக் காட்ட மாட்டேன்."

டாக்டர் நர்சைக் கூப்பிடத் திரும்பினார். அவர் நம்பிவிடுவாரோ, இன்னொரு கேஸ் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவாரோ என்று கிருஷ்ணப்ரியா பயந்தாள்.

"பொய் டாக்டர்," என்றாள். சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்து ஸ்ட்ரெச்சரில் இருந்தவன்கூடத் திரும்பினான். "எங்கம்மா பொய் சொல்லுது. ஒரு ஆபரேஷனும் ஆகல. பைலுதான் பொய். வயித்துல ஒரு கீறல் கெடையாது, பாருங்க."

"ஏட்டி!" என்று அம்மா கையை ஓங்கினாள். ஓங்கிய கை பாதியிலேயே விழுந்தது, அவ்வளவுதான் தெம்பு.

பொன்மணி என்ற நர்ஸ் திரையை இழுத்து மறைத்துக்கொண்டு பார்த்துவிட்டு வந்தார். "தழும்பே இல்ல சார். வயிறு கல்லு மாதிரி இருக்கு."

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஊசி, குளுக்கோஸ், ரத்தம் எடுக்கக் குட்டிப் பாட்டில்கள். டாக்டர் யாருக்கோ போன் செய்தார். பத்து நிமிஷம் கழித்துக் கிருஷ்ணப்ரியாவிடம் வந்தார்.

"காலையில குழாய்க் கல்லை எடுத்துருவோம். சரியான நேரத்துல கொண்டாந்துட்டீங்க. பிழைச்சுக்குவாங்க." கொஞ்சம் நின்றார். "இதுக்கு நீங்க யாரையும் காட்டிக் குடுக்கணும்னு இல்ல. நீங்க வாயத் திறந்தாலும் திறக்காட்டியும் வைத்தியம் பாப்பேன், அது என் வேலை. ஆனா இந்தப் பைல நான் பாத்துட்டேன், பாக்காத மாதிரி இருக்க முடியாது. ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்ட் ஏட்டு வருவார். தெரிஞ்சா சொல்லுங்க. இந்த மாதிரி வேற யாருக்கும் பண்ணியிருக்காங்களா?"

"எட்டுப் பேரு," என்றாள்.

சுப்புத்தாய் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். குளுக்கோஸ் ஏறுகிற கை. சில்லென்று இருந்தது.

"பேரச் சொல்லாதட்டி. முகாம்ல யாரோ எழுதினாவ, ஆள் தெரியாதுன்னு சொல்லிரு. எனக்குச் சரியாயிரும்னு டாக்டர் சொல்லிட்டாவல்லா? போதும்லாட்டி. எந் தம்பி மவன ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு தம்பி வீட்டு வாசல் மிதிப்பேன்? நீ எங்க போய் நிப்ப?"

"மதினி நாளைக்கு வேன்ல ஏறப் போறாவம்மா."

"கீறல்தான, ஆறிரும்."

கிருஷ்ணப்ரியா அம்மாவையே பார்த்தாள். கீறல்தானே, ஆறிவிடும். மத்தியானம் கருவாட்டு முள்ளை அடுக்கிச் சாப்பிட்டவன் சொன்னதும் அதையேதான். இவர்களுக்கெல்லாம் உடம்பு என்றால் என்ன, ரப்பர் ஸ்டாம்பு குத்துகிற காகிதமா? அருவருப்பில் அவள் உடம்பு கூசியது. புருஷனை நினைத்து மட்டுமல்ல. சேலையை இறுக்கிக்கொண்டு சாகத் துணிந்த அம்மாவை நினைத்தும், நாலு வருஷம் அந்தச் சம்பளத்தில் குழம்பு வைத்த தன் கையை நினைத்தும்.

ஏட்டு வந்தார். தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நோட்டை விரித்தார்.

"டாக்டர் சொன்னார். எழுதிக் குடுத்தது யாருன்னு தெரியுமாம்மா? பேரு?"

அம்மாவின் பிடி இறுகியது.

அவள் அந்தப் பேரை வாயால் சொன்னதே இல்லை. சின்னப் பிள்ளையிலிருந்து அத்தான், கல்யாணத்துக்கப்புறமும் அத்தான். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பேரு என்ன என்று கேட்டால் கார்டை நீட்டுவாள். ஓட்டுப் போடப் போன இடத்தில் பக்கத்து வீட்டம்மா சொன்னாள். பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தவள்தான் இப்போது கையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள்.

செல்போன் அடித்தது. அவன்தான். வீட்டுக்கு வந்து பார்த்திருப்பான். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுத்து அணைத்தாள்.

"எழுதிக்கிடுங்க சார்," என்றாள். "இசக்கிபாண்டி. தகப்பனார் பேரு தவசி. கோவில்பட்டியில மூணு மாடி ஆஸ்பத்திரியில முகாம் பாக்குத ஆளு."

அம்மாவின் கை அவள் மணிக்கட்டை விட்டுவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஏட்டு எழுதிக்கொண்டே கேட்டார். "உனக்கு எப்படிம்மா தெரியும்? அந்த ஆளு உனக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரர்."

பேனா நின்றது. ஏட்டு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். மூடிவிடலாமா என்பதுபோல நோட்டின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு, "நல்லா யோசிச்சுட்டியாம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"காலைல ஆறு மணிக்கு ஊருக்கு வேன் வருது சார்," என்றாள் கிருஷ்ணப்ரியா. "மொதல்ல அத எழுதுங்க."